கையைத் தூக்கிப் பார்த்த பிரஷர்

நான் வாசலில் பையை இறக்கி வைத்தபோது, என் அண்ணி ஒரு கையை உச்சந்தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி. தூக்கிய கை கீழே சாயாமல் அம்மா முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். எதிரே என் அண்ணன் ஏழுமலை போனை நீட்டிக் குறி பார்த்தபடி குந்தியிருந்தார்.

"பேசாதீங்க. யாரும் பேசாதீங்க. மிஷினு ஓடிக்கினு இருக்குது" என்றார் அண்ணன்.

மூன்று மாதம் கழித்து சேலத்திலிருந்து வந்த தங்கைக்கு அதுதான் வரவேற்பு.

அண்ணியின் மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை ஒன்று. அது விர்ரென்று காற்றை ஏற்றிக்கொண்டிருந்தது. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள், பச்சையும் சிவப்புமாக, முழங்கைப் பக்கம் நெருக்கியடித்துக் கிடந்தன. மிஷின் ஒரு தடவை கீச்சிட்டது. அண்ணன் படம் எடுத்தார். மறு நொடி என் பைக்குள் என் போன் மணியடித்தது. இரண்டடி தூரத்தில் நிற்கிற எனக்கு அந்தப் படத்தை அனுப்பியிருந்தார்.

"பச்ச வந்துட்ச்சி" என்றார் அம்மா. அவருக்கு எண் தெரியாது. நிறம் தெரியும்.

நானும் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். 124, கீழே 80. அதற்குப் பிறகுதான் அண்ணியைப் பார்த்தேன். இந்த வரிசையைக் கவனியுங்கள். நான் நர்ஸ்.

மாட்டுக்கு மிஷின் இல்லை

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற வழியில், அடிவாரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. குத்தகை நிலத்தில் கரும்பும் மரவள்ளியும். அண்ணன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அண்ணி கௌசல்யா மணலூர்பேட்டைப் பக்கம். இது அவருக்குத் தலைப்பிரசவம்; தாய்வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் வளைகாப்புக்குப் பிறகும் எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

வளைகாப்பு முடிந்த மறுவாரம் அண்ணன் போனில் எதையோ பார்த்து, மணிக்கட்டில் கட்டுகிற பிரஷர் மிஷினை வாங்கினார். அது வந்த நாளிலிருந்து வீட்டில் அதற்கு இருந்த மரியாதை எனக்குக்கூட இருந்ததில்லை. சாமி படத்துக்குக் கீழே வைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து ஆளுக்கொரு தடவை கையை நீட்டிவிட்டுப் போனார்கள். பச்சை வந்தவர்கள் சிரித்தார்கள். மஞ்சள் வந்தவர்கள் மறுபடி வரிசையில் நின்று, பச்சை வரும்வரை பார்த்தார்கள்.

"தெனம் வூட்லயே பாக்குறோமே, எதுக்கு வெயில்ல அலையறது?" என்று அந்த மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவில்லை. அங்கே போயிருந்தால் எடை பார்த்திருப்பார்கள், சிறுநீர் பார்த்திருப்பார்கள், காலைப் பார்த்திருப்பார்கள். மிஷினுக்குக் காலைப் பார்க்கத் தெரியாது. அதனால் வீட்டிலும் யாரும் காலைப் பார்க்கவில்லை.

என் அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாடு தீவனத்தில் வாய் வைக்கிற விதத்தை வைத்தே அதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவார். தூரத்தில் ஒரு பசு நடந்து வந்தால் எந்தக் காலில் நோவு என்று கண்டுபிடிப்பார். நான் வந்த அந்த வாரம்கூட, எங்கள் செவலைப் பசுவின் முன்னங்கால் குளம்புக்கு மேலே லேசாக வீங்கியிருக்கிறது என்று மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தார். அதே கூரையின் கீழே பெண்டாட்டியின் கணுக்கால் வீக்கத்தில் காணாமல் போயிருந்தது. அது கண்ணில் படவில்லை.

காரணம் எளியது. செவலைக்கு மிஷின் இல்லை. அதனால் செவலைக்கு அவருடைய கண் கிடைத்தது.

சின்னசேலம் வந்துவிட்டதா?

வரும் வழியில் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஆத்தூரிலிருந்தே போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தார். நீலப் புள்ளி நகர்கிறது, அவரும் அதோடு நகர்கிறார். சின்னசேலத்தில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே கடைக்குக் கடை பலகையில் சின்னசேலம் என்று எழுதியிருக்கிறது. கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துகிறார். அந்தம்மா என்னிடம், "நெட்டு நின்னுட்ச்சிம்மா, இது எந்த ஊரு?" என்கிறார்.

தலையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். கோபித்துக்கொண்டார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் இன்னும் மோசம். சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி; பெயர் வேண்டாம். சென்ற ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம், மானிட்டர் பழுதான கட்டிலில் நாடி எண்ணச் சொன்னேன். "எப்படிங்க சிஸ்டர், ஒயரு எங்க மாட்டறது?" என்றாள். உன் இரண்டு விரலை மாட்டு என்றேன். நோயாளியின் மணிக்கட்டில் பத்து இடத்தில் தேடிவிட்டு, "இவருக்கு நாடியே இல்ல சிஸ்டர்" என்றாள். நாடி இல்லாத அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

இதைப் படித்ததும் ஒரு வாசகர் பேனாவை எடுப்பார்: "அந்தக் காலத்தில் மிஷினா இருந்தது? கை பிடித்தே..." வேண்டாம் ஐயா. அந்தக் காலத்தில் என் பெரியம்மா, அம்மாவுக்கு மூத்தவர், இதே மாதிரி எட்டாம் மாதத்தில் தலைவலி என்று படுத்தார். வலிப்பு வந்தது. பேய் என்று சொல்லி வேப்பிலை அடித்தார்கள். வேப்பிலை அடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார், வயிற்றுப் பிள்ளையோடு. அந்தக் காலத்துக்கு நான் ஏங்கவில்லை. வேப்பிலையை நம்பிக் கண்ணை மூடியவர்களும் பச்சை விளக்கை நம்பிக் கண்ணை மூடுகிறவர்களும் எனக்கு ஒரே ஜாதிதான்.

கைநாட்டு

இந்தத் தொடரின் தொடக்கத்தில் என் முதல் கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டு. அப்பா எந்தக் காகிதத்தைக் கண்டாலும் கட்டைவிரலைத் தயாராக நீட்டுவார். மை தொட்ட விரலை அவர் தலையில் துடைத்துக்கொள்கிற விதம் எனக்குப் பிடிக்காது. ஒருமுறை ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் அவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார். நான் அம்சா என்று என் பெயரை எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தபோது, இனி இந்த வீட்டிலிருந்து எவளும் கட்டைவிரலை நீட்ட மாட்டாள் என்று நினைத்தேன்.

இப்போது ஆஸ்பத்திரியில் வேலைக்கு வந்ததற்குச் சாட்சி, ரேகை மிஷினில் வைக்கிற என் கட்டைவிரல். ரேஷன் கடையிலும் அதுதான். நாங்கள் படித்துப் படித்து மறுபடி அதே விரலிடம் வந்து நிற்கிறோம். துடைக்க மை இல்லை என்பதுதான் முன்னேற்றம்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

மிஷின் வந்த நாளிலிருந்து அண்ணன் தினமும் காலையில் எனக்குப் படம் அனுப்பினார். மிஷினின் முகம் மட்டும். 118. 122. 120. டூட்டி மாறுகிற நேரத்தில் படம் வரும். நான் பார்ப்பேன். தூக்கிய கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவேன். நன்று, சரி, அடுத்த வேலை. கட்டிய கை எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. கால் வீக்கமா என்று கேட்கவில்லை. அண்ணியிடம் போனைக் கொடு என்றுகூடச் சொல்லவில்லை.

படிக்காத அண்ணன் படம் அனுப்பினார். படித்த தங்கை நான் கைநாட்டு வைத்தேன்.

எதுக்குக் கைய தூக்கறீங்க?

மறுபடி வாசலுக்கு வருகிறேன்.

"ஏம்மா, கைய எதுக்கு இப்டி மேல தூக்கிப் புடிச்சிருக்க?" என்றேன். அப்போதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"பின்ன? வளையலு இருக்குதில்ல?" என்றார் அம்மா. "காப்பு வளையல கழட்டக் கூடாது, புள்ள பொறக்கற வரைக்கும். கைய கீழ வெச்சா மணிக்கட்டுல வந்து குமிஞ்சிக்குது, மிஷின கட்ட எடமில்ல. தூக்கிட்டா எல்லாம் கீழ எறங்கிடுது. நான்தான் கண்டுபுடிச்சேன்."

கண்டுபிடித்ததில் அவருக்குப் பெருமை.

"மொதல்ல தூக்கினா தானா சரிஞ்சிடும். இந்த ஒரு வாரமாத்தான் தள்ளி வுட வேண்டியதா இருக்குது. நல்லா சத பூசிட்டா" என்று அண்ணியின் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

என் சிரிப்பு நின்றது. அந்த மிஷினை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கினால், மேல்மாடிக் குழாயில் தண்ணீரின் வேகம் குறைகிற மாதிரி, எண் குறையும். நாற்பது ஐம்பதுகூடக் குறையும். அப்படியென்றால் இத்தனை நாளும் எனக்கு வந்த 118, 122, 120 எல்லாம் என்ன?

அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். கண்கள் சிறுத்துப் போயிருந்தன. சதை இல்லை அது. நீர்.

"அண்ணி, தலவலி இருக்கா?"

"ஒரு வாரமா இருக்குது அம்சா. இவங்ககிட்ட சொன்னா மிஷின எடுத்துக்கினு வந்துர்றாங்க. பச்ச காட்டிட்டா தலவலி இல்லியாம்."

"கண்ணு மங்குதா?"

"காலைல பூச்சி பறக்கறாப்ல இருந்திச்சி."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

அண்ணி என்னைப் பார்த்தார். குறை சொல்கிற பார்வை இல்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. "உனுக்குத் தெனம் படம் போவுது, நீ ஓகே சொல்லிட்டேன்னு சொன்னாங்க. நர்ஸம்மாவே ஓகே சொன்னப்பறம் நான் இன்னா சொல்றது?"

குனிந்து அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்தபோது குழி அப்படியே இருந்தது. ஈர மண்ணில் அழுத்திய மாதிரி.

காதில் கேட்டது டிவி

படிக்கும் காலத்தில் கொடுத்த பிரஷர் கருவி, காற்றுப் பந்தும் வட்ட முள்ளும் உள்ளது, பீரோவின் அடித்தட்டில் இருந்தது. கூடவே ஸ்டெதஸ்கோப். பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். வகுப்பிலேயே என் காதுதான் கூர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

அண்ணியின் மேல்கையில் பட்டையைச் சுற்றினேன். கையை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் வைத்தேன். காற்றை ஏற்றி, மெல்ல இறக்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி. முள் இறங்குகிறது, என் காதில் தொலைக்காட்சியில் ஒரு மாமியார் மருமகளைத் திட்டுவது மட்டும் மங்கலாகக் கேட்கிறது.

"டிவிய அணைம்மா!"

அணைத்தார்கள். அப்போதும் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் பொத்தானை அமுக்கினால் மானிட்டர் தானே பார்த்துக்கொள்ளும். நான் கையால் எடுத்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. நாடியைத் தேடி அலைந்த அந்தப் புதுப் பெண் என் எதிரில் நின்று சிரிக்கிற மாதிரி இருந்தது.

"இன்னா அம்சா, ஓடலியா அது? பழசு ஆயிட்ச்சி போல" என்றார் அண்ணன்.

பழசானது அது இல்லை.

ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி எறிந்தேன். வளையல்களுக்கு அடியில் இரண்டு விரலை நுழைத்து நாடியைப் பிடித்தேன். காற்றை ஏற்றிக்கொண்டே போனேன். நாடி அடங்குகிற இடத்தில் முள் எங்கே நிற்கிறதோ, அது மேல் எண். நூற்று நாற்பதில் துடித்தது. நூற்று ஐம்பதில் துடித்தது. நூற்று அறுபதில் துடித்தது. நூற்று எழுபதுக்கு அருகில்தான் விரலுக்கடியில் அடங்கியது.

ஸ்டெதஸ்கோப்பைத் திரும்ப எடுத்தபோதுதான் கண்டேன். காதுக் குமிழ்களைப் பின்பக்கம் திருப்பி மாட்டியிருந்தேன். முதல் வாரத்துப் பயிற்சி மாணவி செய்கிற தப்பு. திருப்பி மாட்டியதும் சத்தம் கதவைத் தட்டுகிற மாதிரி தெளிவாகக் கேட்டது. கீழ் எண் நூற்றுப் பத்து.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பவே."

"இன்னா வெளாட்றியா? நூத்தி இருவத்தி நாலு. பச்ச. நீயும்தான பாத்த?" அண்ணன் மிஷினைத் தூக்கிக் காட்டினார். "இது புதுசு. உன்னுது ஓட்ட."

வாதாட நேரமில்லை. மிஷினை வாங்கி, அண்ணியின் மணிக்கட்டில் இருந்த வளையல்களை முழங்கைப் பக்கம் அழுத்தித் தள்ளினேன். வீங்கிய கையில் அவை எளிதில் ஏறவில்லை. இரண்டு உடைந்தன.

"அய்யய்யோ, காப்பு வளையலுடி!" அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

பட்டையைக் கட்டி, கையை நெஞ்சருகே வைத்தேன். மிஷின் விர்ரென்று ஏறியது, கீச்சிட்டது. 171. திரை சிவப்பு.

அந்த வீட்டில் அதுவரை யாரும் சிவப்பைப் பார்த்ததில்லை. மிஷின் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. கேட்ட இடத்தில் இருப்பதைச் சொன்னது, அவ்வளவுதான். பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் நெஞ்சுக்கு நேரே கை வைத்த படமே போட்டிருந்தது. அந்தக் காகிதம் அடுப்படியில் பருப்பு டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

"அம்மா, பெரியம்மாவுக்கு வந்திச்சே, அது இதான்" என்றேன்.

அம்மா உடைந்த வளையலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து மாற்றுப் புடவைகளைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தார்.

லொகேஷன்

ஆம்புலன்சுக்கு அண்ணன்தான் போன் செய்தார். வழி கேட்டார்கள். "லொகேஷன் அனுப்பறேங்க" என்றார். எங்கள் தெருவில் நெட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த முனையில், "வழிய வாயால சொல்லுங்க" என்றிருக்கிறார்கள். அந்த ஊரில் பிறந்து, அந்த ஊர் மண்ணைத் தவிர வேறெதையும் மிதிக்காத மனிதர் திணறுகிறார். "அதாங்க... மெயின் ரோட்டுலேர்ந்து... லெப்ட்டா... இருங்க, எந்தக் கைல சாப்புடுவேன்..."

போனைப் பிடுங்கினேன். தண்ணீர்த் தொட்டி, அதைத் தாண்டிக் கரும்பு எடைமேடை, அங்கிருந்து மலையைப் பார்த்து இரண்டாவது திருப்பம். சொல்லி முடித்தேன். எனக்குள் கொஞ்சம் திமிர் திரும்ப வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வண்டியில் அண்ணியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தேன். வெளிச்சம் படாமல் கண்ணில் துணியைப் போட்டேன். "எனுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்றார். "ஆகாது" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

கள்ளக்குறிச்சியில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். ஊசி ஏறியது. ட்ரிப் போட இடம் வேண்டும் என்று மீதி வளையல்களையும் உடைத்தார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார், தடுக்கவில்லை. சாயங்காலம் ஆபரேஷன். பெண் குழந்தை. எடை போதவில்லை என்று சூட்டுப் பெட்டியில் வைத்தார்கள். அண்ணிக்கு வலிப்பு வரவில்லை.

"இன்னும் ஒரு நாள் வுட்டிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர். நான் என்னை நர்ஸ் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை.

ஆறு

ஐந்தாம் நாள் காலை. நான் வராண்டாக் குழாயில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன். இடுப்பில் செருகிய போன் மணியடித்தது. பார்வையாளர் நேரத்தில் உள்ளே போயிருந்த அண்ணன், கட்டிலுக்கு மேலிருந்த மானிட்டரைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். 136, கீழே 88.

என் கட்டைவிரல் தானாகவே அந்தக் கட்டைவிரல் படத்தின் மேல் போய் நின்றது. சத்தியமாக, நான் நினைக்கவே இல்லை. அதுவாகப் போனது.

எனக்கு வந்த எரிச்சலை எல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஈரக் கையோடு, நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் திரும்பிப் பார்க்க, "இன்னும் போட்டோ புடிக்கறது வுடலியா நீ? அந்த நம்பர நாங்க பாத்துக்குவோம். ஆளப் பாத்தியா? காலப் பாத்தியா?" என்றேன்.

அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டார். போர்வையைக் கால் பக்கம் விலக்கினார். அண்ணியின் கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து, நான் அன்று செய்த அதே இடத்தில், நிதானமாக அழுத்தினார். எடுத்தார். குழி விழுந்தது. வாய்க்குள் எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு.

"ஆறு" என்றார். "மொத நாளு இருவது எண்ணியும் குழி ரொம்பல. முந்தாநாளு பன்னெண்டு. நேத்து ஒம்போது. இன்னிக்கி ஆறுலயே ரொம்பிட்ச்சி. வத்திக்கினு வருது."

அண்ணி கண்ணை மூடியபடியே சிரித்தார். "காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி அமுத்தறாங்க அம்சா. செவல காலுன்னு நெனப்பு."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எவ்ளோ எண்ணுன இன்னிக்கி?"

நான் அன்று காலை அண்ணியின் காலைத் தொடவே இல்லை. மானிட்டரைப் பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவப் போயிருந்தேன்.